மிஷனரியின் மகளும் சிவகாசி அண்ணாச்சியும்

1

ஈஸ்டருக்கு முந்தின வாரம், காலைச் சாப்பாட்டு மேசையில், என் மகள் ஜெமிமா ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தனக்குத் திடப்படுத்தல் வேண்டாம் என்று சொன்னாள். வெண்ணெய் கெட்டியாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள்.

கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வரி. எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது முடிவெடுப்பது பெற்றோர். அந்தக் குழந்தை வளர்ந்து, விவரம் தெரிந்தபின், சபைக்கு முன்னால் எழுந்து நின்று, ‘இது என் அப்பா அம்மாவின் நம்பிக்கை மட்டும் இல்லை, என்னுடையதும்தான்’ என்று சொல்வதற்குப் பெயர் திடப்படுத்தல். அதற்குப் பிறகுதான் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்து. சாத்தூர்ப் பக்கம் அன்றைக்குப் புதுத்துணி உண்டு, மத்தியானம் பிரியாணி உண்டு. நான் இப்போது இருக்கும் வட ஜெர்மனியில் பதினாலு வயதில் செய்வார்கள். இங்கே அது கல்யாணத்துக்கு அடுத்தபடியான விசேஷம். வருஷம் முழுக்கக் கோயில் வாசலை மிதிக்காத குடும்பங்களும் பிள்ளைக்கு அதைச் செய்துவிடும். உறவுக்காரர்கள் கவர் கொடுப்பார்கள்.

இந்தச் சிற்றூரின் சபைக்குரு நான். ஊரில் பல சபைகளை நிர்வகிக்கிற எங்கள் பேராயத்திலிருந்து இங்கே மிஷனரியாக அனுப்பப்பட்டவன். திடப்படுத்தல் வகுப்பு எடுப்பதும் நான்தான். அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற பிள்ளைதான் வேண்டாம் என்கிறது.

ஏன் என்று கேட்டேன்.

“எல்லாரும் கவருக்காகத்தான் நிக்காங்க அப்பா. நான் முன்னாடி நின்னு நம்புறேன்னு சொன்னா அது பொய். நம்பலன்னு சொன்னாலும் பொய். எனக்கு இன்னும் தெரியல.”

என் மனைவி எஸ்தர் கையிலிருந்த டீ டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெமிமா பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டாள். நான் அவள் மிச்சம் வைத்த ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னதில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

2

நான் சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரன். அப்பா உபதேசியார். அதாவது குருப்பட்டம் பெறாமல், கிராமத்துச் சபையைக் கவனித்துக்கொள்கிற ஆள். எங்கள் பக்கம் சபைக்குருவை ‘ஐயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் கேட்கிற வெளியூர்க்காரர்கள் என் மார்பில் பூணூலைத் தேடுவார்கள். மதுரையில் இறையியல் படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, வெம்பக்கோட்டை வட்டாரத்தில் சுவிசேஷ ஊழியம். ஒரு ஜீப், ஒரு ஒலிபெருக்கி, கட்டுக்கட்டாகக் கைப்பிரதிகள் என்கிற துண்டுப் பிரசுரங்கள்.

சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி விட்டு வேன்கள் வந்து நிற்கிற இடத்தில் நாங்கள் நிற்போம். தாயில்பட்டி, அச்சங்குளம் என்று தினம் ஒரு ஊர். இறங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் கை கழுவியும் போகாத அலுமினியப் பவுடரோடு வருவார்கள். கைப்பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்தத் தாளில் வெள்ளி விரல்ரேகை பதிந்திருக்கும்.

அந்தக் கைப்பிரதிகளை அச்சடித்துத் தந்தவர் சிவகாசி சண்முகவேல் அண்ணாச்சி. ஏறக்குறைய என் வயசுதான். ஆனால் முதலாளி என்றால் எங்கள் பக்கம் அண்ணாச்சிதானே. அப்பாவிடமிருந்து வந்த அச்சகத்தை விரித்துப் பட்டாசு லேபிள், டெய்லி காலண்டர் என்று நடத்திக்கொண்டிருந்தார். சீசன் நேரத்தில் அங்கே போனால் முருகனும், வேளாங்கண்ணி மாதாவும், மெக்கா படமும் மை காய்வதற்காக ஒரே அடுக்கில் கிடப்பார்கள். சிவகாசியில் அது யாருக்கும் அதிசயம் இல்லை. ஆர்டர் யார் கொடுத்தாலும் ஆர்டர்தான்.

ஒருநாள் புரூஃப் பார்க்கப் போயிருந்தேன். தாளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுத்துப்பிழை ரெண்டு இருந்தது, திருத்திவிட்டேன் என்றார். அப்புறம் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

“ஐயரே, இதுல போட்டிருக்கிற மாதிரி பாத்தா நான் நேரா நரகத்துக்குத்தான் போகணும். அதுக்கு நானே பிளேட்டுப் போட்டு, நானே அச்சடிச்சு, நானே கட்டிங் பண்ணித் தரணுமாக்கும்?”

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. அவருடைய ஆட்கள் ரெண்டு பேர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு, இருபத்தேழு வயசு. மழுப்பத் தெரியாத வயசு.

நான் இதை நம்புகிறேன், அதனால்தான் எழுதினேன் என்றேன். தாயில்பட்டிக்காரருக்குக் கொடுக்கிற தாளை உங்களுக்கு மட்டும் மறைத்தால், உங்களை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம் என்றும் சொன்னேன். அவர் தாளை இன்னொரு தரம் வாசித்தார். பிறகு மெஷின்காரரைப் பார்த்து ஏற்றச் சொல்லிக் கையை ஆட்டினார்.

“மூஞ்சிக்கு நேரா சொல்றீக. சரி. ஆனா சொன்னவுக சொல்லிட்டு ஜீப்புல ஏறிப் போயிரக் கூடாது. சொன்னா இருக்கணும்.”

அன்றைக்கு அந்தப் பேச்சின் கனம் எனக்கு முழுசாகப் புரியவில்லை. ஆனால் அந்த நாளிலிருந்து நாங்கள் கூட்டாளிகள்.

3

புரிந்தது அடுத்த கோடையில். எங்கள் வட்டாரத்தில் ஒரு பட்டாசு யூனிட்டில் வெடிமருந்து கலக்கிற அறையில் தீப்பிடித்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சத்தம் கேட்டதும் ஊர் எப்படி ஓடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

அரசு ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே ராஜாத்தி என்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் புருஷன். எங்கள் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்தவள் இல்லை, நெற்றியில் மாரியம்மன் கோயில் குங்குமம். என்னோடு வந்த ஊழியர்கள் மற்ற குடும்பங்களிடம் போனார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டு, வேதத்தைத் திறந்தேன்.

“ஒண்ணும் படிக்காதீக ஐயா. சும்மா இங்கன இருங்க” என்றாள்.

மூடி வைத்துவிட்டு இருந்தேன். பேசிப் பழகின ஆளுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் சண்முகவேல் அண்ணாச்சி இட்லிப் பொட்டலங்களோடு வந்தார். ராஜாத்திக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருப்பார். நான் என் ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மனுஷன் பிழைத்துக்கொண்டார். ராஜாத்தி கிறிஸ்தவள் ஆகவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மட்டும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போவாள். எங்கள் ஊழியக் கூட்டத்தில் ஒருவர் என்னிடம், அவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, தருணத்தை விட்டுவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஒரு ஆத்துமா தவறிப்போய்விடக் கூடாதே என்ற உண்மையான தவிப்பு. அந்தத் தவிப்பு எனக்கும் உண்டு, இன்றைக்கும் உண்டு. அது இல்லாதவன் மிஷனரியாக வீட்டைவிட்டு வெளியே வர மாட்டான்.

ஆனால் அந்த வராந்தாவில் எனக்கு ஒன்று தெளிந்தது. ஒருவரின் மனசைத் திருப்புவது என் வேலை இல்லை. அது கடவுளின் வேலை என்று படிப்பில் மனப்பாடம் செய்திருந்தேன், பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் கூட்டத்துக்குக் கூட்டம், இயேசுவை ஏற்கிறேன் என்று எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு முன்னாலேயே கடவுள் அந்த வராந்தாவில் ராஜாத்தியோடு உட்கார்ந்திருக்கிறார், நான் பின்னால் போய்ச் சேர்ந்தவன் என்று நினைத்ததும் தோளில் இருந்த மூட்டை இறங்கின மாதிரி இருந்தது. சொல்வதும் என் கடமை, இருப்பதும் என் கடமை. மற்றது அவருடையது.

4

இங்கே வரும்போது ஜெமிமாவுக்குப் பால்பல் விழவில்லை. இரண்டு தேசத்துச் சபைகளுக்கும் ஒரு பரிமாற்ற உடன்பாடு. முன்பு அவர்கள் நமக்கு ஆள் அனுப்பினார்கள், இப்போது நாம் அவர்களுக்கு அனுப்புகிறோம். சான்றிதழ்களுக்காகச் சூலக்கரைக்கு நடையாய் நடந்து, கலெக்டர் ஆபீஸ் வேப்பமரங்களை எல்லாம் தனித்தனியாக அடையாளம் தெரிந்துகொண்ட பிறகுதான் விமானம் ஏறினோம். இனி ஆபீஸ் அலைச்சல் இல்லை என்று எஸ்தர் நிம்மதியாகச் சொன்னாள்.

ஜெர்மனியில் வீடு மாறினால் நகர அலுவலகத்தில் போய்ப் பதிய வேண்டும். பதிவுத்தாளில் மதம் என்று ஒரு கட்டம். எதற்கு என்றேன். சபை வரி பிடிப்பதற்கு என்றார் அந்த அதிகாரி. சம்பளத்திலிருந்து அரசாங்கமே பிடித்துச் சபைக்குக் கொடுத்துவிடும். வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு அலுவலகம் உண்டு. அடையாள அட்டையோடு போய், இன்றிலிருந்து நான் இந்தச் சபையில் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது. எனக்குத் தகவல் தபாலில் வரும். யாரிடமும் கோபம் இல்லை, சண்டை இல்லை. பேப்பர் சந்தாவை நிறுத்துகிற மாதிரிதான். தாயில்பட்டியில் கைப்பிரதியைக் கசக்கிப் போட்டவர்கூட என் கண்ணைப் பார்த்துத்தான் கசக்கினார். இங்கே தபால்தான் வருகிறது.

முதல் ஞாயிறு என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். ஜெர்மன் மொழியில் கோயிலுக்கான சொல்லும் செர்ரிப் பழத்துக்கான சொல்லும் நம் நாக்கில் ஏறக்குறைய ஒன்றுதான். “இந்தச் செர்ரிப் பழத்துக்கு ஊழியம் செய்யத்தான் கடல் கடந்து வந்திருக்கிறேன்” என்று கணீரென்று சொல்லிவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு நாகரிகம். ஆனால் சபைக் கமிட்டித் தலைவி பீட்டர்சன் அம்மா அடுத்த வாரம் ஒரு பெரிய பாட்டில் நிறைய ஊறப்போட்ட செர்ரிப் பழங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். “உங்கள் சபையார்” என்றார். எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகம் அவர்தான்.

அவர்தான் இன்னொன்றும் சொன்னார். ‘மிஷன்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தவிர்க்க முடியுமா என்று. அவர்களுடைய முன்னோர்கள் மற்ற தேசங்களில் கொடியையும் வேதத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனதில் அவர்களுக்கு இன்னும் கூச்சம். இங்கே ஒருவரிடம் கடவுளைப் பற்றிக் கேட்பது, சம்பளம் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும், ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க அவருக்காக வழக்காடியதும் அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவர்தான். அதையும் அவரிடம் சொன்னேன். இரண்டும் உண்மை என்று ஒத்துக்கொண்டு, இருவருமாகச் செர்ரிப் பழம் சாப்பிட்டோம்.

அதனால் இங்கே நான் ஒலிபெருக்கி இல்லாத மிஷனரி. முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். அடக்கம் செய்கிறேன். யாராவது கேட்டால், நான் ஏன் நம்புகிறேன் என்று வளைக்காமல் சொல்கிறேன். அதிசயமாக, கேட்கிறார்கள். அவர்களுடைய மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசுகிறவனிடம் மனசைத் திறப்பது அவர்களுக்குச் சுலபமாக இருக்கிறதோ என்னவோ. மொத்தத்தில் நான் இங்கே சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

5

ஜெமிமாவின் விஷயத்தைக் கமிட்டியில் சொல்ல வேண்டியிருந்தது. பேர்ப்பட்டியல் அச்சுக்குப் போகிற நேரம். ஊரில் என்றால் இது பெரிய பேச்சாகியிருக்கும், ஐயர் வீட்டுப் பிள்ளையே இப்படியா என்று. அதற்காக மனசைத் தயார்செய்துகொண்டு போனேன். பீட்டர்சன் அம்மா, அது அவளுடைய சொந்த விஷயம் என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். கோயில் கூரை ஒழுகல். ஒருவரும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் சொன்னபோதுதான் அவள் வாயைத் திறந்தாள். “சண்டை போட்டிருந்தாக்கூட ஆறுதலா இருந்திருக்கும்” என்றாள். அவளுக்குப் பயம். இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி ஒருநாள் ஜெமிமாவும் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாளோ என்று. ஏற்கெனவே அவள் தமிழ் நழுவிக்கொண்டிருந்தது. கனவு ஜெர்மனில் வருகிறது என்று அவளே சொன்னாள். நான் எஸ்தருக்குச் சமாதானமாக என்னென்னவோ சொன்னேன். நம்பிக்கை கடவுள் தருகிற ஈவு, அதைப் பிடித்துத் திணிக்க முடியாது என்றேன். அவள் என்னைப் பார்த்து, “அது அடுத்தவுக பிள்ளைக்குச் சொல்றது” என்றாள்.

ராஜாத்தி விஷயத்தில் இறக்கி வைத்த மூட்டையை என் மகள் விஷயத்தில் நானும் தூக்கிக்கொண்டுதான் அலைந்தேன்.

இந்த நிலையில்தான் சண்முகவேல் அண்ணாச்சி வந்தார். அச்சு இயந்திரக் கண்காட்சி ஒன்றுக்காக ஜெர்மனி வந்தவர், அது முடிந்ததும் ரயிலேறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. ஸ்டேஷனில் என்னைக் கட்டிப்பிடித்து, “ஐயரே, இங்கன எம்புட்டுக் குளிரு, நீங்க எப்படி இருக்கீக” என்றார். பெட்டியில் பாதி எங்களுக்கான சாமான். காராச்சேவு, சீரணி மிட்டாய், புதுக் காலண்டர். கூடவே விருதுநகரில் இருக்கிற எஸ்தரின் அக்கா கொடுத்தனுப்பிய ஒரு துணிப் பொட்டலம்.

சாப்பாட்டு மேசையிலேயே அதைப் பிரித்தார். வெள்ளைப் பட்டுப் பாவாடை, தாவணி. ஜெமிமாவின் திடப்படுத்தலுக்கு. எங்கள் வீட்டு நிலவரம் அங்கே யாருக்கும் இன்னும் சொல்லவில்லை. வெளியே இன்னும் நல்ல வெளிச்சம். இங்கே மே மாதத்தில் இரவுச் சாப்பாட்டு வேளையிலும் வெயில் அடிக்கும்.

“அழகா இருக்கு பெரியப்பா. ஆனா நான் எடுக்கல” என்றாள் ஜெமிமா.

திடப்படுத்தல் எடுப்பதைத்தான் அவள் சொன்னாள்; துணியை எடுக்கவில்லை என்று நினைத்தார் அவர். பிறகு அவளே விளக்கினாள். தமிழ் கிடைக்காத இடத்தில் ஜெர்மனில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள், நான் தமிழாக்கிச் சொன்னேன். என் மகள் தனக்கு வேண்டாம் என்றதை என் வாயாலேயே அவருக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அவர் அறிவுரை சொல்லவில்லை. சரி பாப்பா, துணி இருக்கட்டும், பொங்கலுக்குக் கட்டிக்கோ என்றார்.

அதில் அவளுக்குத் தைரியம் வந்திருக்க வேண்டும். “அப்பா உங்களையும் மாத்தப் பார்த்தாங்களா? உங்களுக்குக் கோபம் வரலையா?” என்று கேட்டாள்.

அவர் புரூஃப் கதையைச் சொன்னார். நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னார். எஸ்தர்கூடச் சிரித்துவிட்டாள். ஜெமிமா மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, பெரியப்பா நரகத்துக்குப் போவாங்களா?”

எஸ்தர் கையில் கரண்டி அப்படியே நின்றது. சண்முகவேல் அண்ணாச்சி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்தார். இத்தனை வருஷப் படிப்பிலும் ஊழியத்திலும் இந்தக் கேள்வியை என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யாரைப் பற்றிக் கேட்கிறார்களோ அவர் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் கேட்டதில்லை.

“எனக்குத் தெரியாது” என்றேன். “தீர்ப்புச் சொல்ற வேலைய யாரும் எனக்குக் குடுக்கல. கூப்பிடுற வேலையத்தான் குடுத்திருக்கு. இயேசு இல்லாம எனக்கு வழி இல்லைன்னு நான் நம்புறேன், அதை அவருகிட்டயும் மறைச்சதில்ல. அவரு எங்கூட அங்கன இருக்கணும்னு தினமும் பேர் சொல்லிக் கேக்கேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது பாப்பா.”

அண்ணாச்சி தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

“தினமுமா?”

“தினமும்.”

அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். “நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லாமத்தான் வச்சிருந்தேன்” என்றார். “வருசா வருசம் திருச்செந்தூர் போறேன்ல. அங்கன உங்க மூணு பேரு பேருக்கும் அர்ச்சனை வைக்கேன். நட்சத்திரம் கேப்பாக. உங்களுக்கு ஏது நட்சத்திரம். சாமி நட்சத்திரம்னு சொல்லிருவேன். நீங்க சங்கடப்படுவீகன்னுதான் சொல்லல.”

உண்மையைச் சொன்னால் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. என் விசுவாசத்தில் அதை வைக்க ஒரு இடம் கிடையாது. ஆனாலும், கடல் தாண்டி, ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் இடித்துக்கொண்டு நிற்கிற இடத்தில், ஒருவர் என் பேரையும் என் மகள் பேரையும் தன் சாமியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எஸ்தர் எழுந்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அவளுக்குத் தெரிந்த நன்றி அது.

ஜெமிமா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப நீங்க ரெண்டு பேருமே ஒருத்தரை ஒருத்தர் விடல” என்றாள். பிறகு என்னிடம், “தெரியலன்னு நீங்க சொல்லலாம்னா, நானும் சொல்லலாம்தானே?” என்று கேட்டாள்.

சொல்லலாம் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் மறுபடி அந்த மூட்டை இறங்கியது.

6

இதை எழுதும்போது திடப்படுத்தல் முடிந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. வழக்கமாக அந்த ஞாயிறோடு பிள்ளைகளைக் கண்ணால் பார்க்க முடியாது. இந்த வருஷம் செவ்வாய்க்கிழமை சாயங்கால வகுப்பு இன்னும் நடக்கிறது. ஜெமிமா வருகிறாள், கவர் வாங்கியவர்களில் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு. கேள்விகள் எல்லாம் கடுமை. கடவுள் நல்லவர் என்றால் பட்டாசுக் கம்பெனியில் ஏன் தீப்பிடிக்கிறது என்று போன வாரம் கேட்டாள். ராஜாத்தியைப் பற்றிச் சொன்னேன். அது பதில் இல்லை என்றாள். இல்லைதான் என்றேன். அடுத்த வாரமும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எஸ்தர் இப்போது அவளிடம் தினமும் அரைமணி நேரம் தமிழ் வாசிக்கச் சொல்கிறாள். அண்ணாச்சி கொண்டுவந்த காலண்டரில் நேற்று ஜெமிமா ராகுகாலத்தை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி.

கோயில் நிறைந்திருந்தது. பிள்ளைகள் கறுப்பு உடையில் முன்வரிசையில். ஜெமிமா அவர்களோடு இல்லை, எஸ்தருக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில். அவளுக்கு அடுத்து வேட்டி சட்டையும் மேலே என் பழைய குளிர்கோட்டுமாகச் சண்முகவேல் அண்ணாச்சி. நெற்றியில் திருநீறு. இந்த ஊர்ப் பீடத்தில் நின்று அந்தத் திருநீற்றைப் பார்த்ததும் எனக்குச் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரி ஒரு தைரியம் வந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக முழங்கால் போட்டார்கள். தலையில் கை வைத்து ஆசீர்வதித்தேன். ஒவ்வொரு தலையிலும் என் மகள் தலையைத்தான் நினைத்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வலி இல்லை.

பிறகு திருவிருந்து. இங்கே ஜனங்கள் பீடத்துக்கு முன்னால் அரைவட்டமாக வந்து நிற்பார்கள். அப்பம் வாங்காதவர்களும் வரலாம். நெஞ்சில் கையைக் குறுக்காக வைத்துக்கொண்டால் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்போம். கடைசி வட்டத்தில் எஸ்தர் வந்தாள். அவள் பின்னால் ஜெமிமா, கையைக் குறுக்காக வைத்துக்கொண்டு. நான் கூப்பிடவில்லை. எஸ்தரும் கூப்பிடவில்லை என்று பிறகு சொன்னாள். அவளாக எழுந்து வந்தாள்.

அவளுக்கு அடுத்து அண்ணாச்சி நின்றார். அங்கன என்ன கொடுக்கிறார்கள் என்று எஸ்தரிடம் முன்னமே விசாரித்திருக்கிறார். அப்பம் எங்களுக்கு, ஆசீர்வாதம் எல்லாருக்கும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் எனக்கும் வேணும் என்று கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டார். ஜெமிமாவைப் பார்த்து அதே மாதிரி கையை வைத்துக்கொண்டு, கோயில் நடையில் நிற்கிற பவ்யத்தோடு தலையைக் குனிந்தார்.

அதுவரை எல்லாம் ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர்களிடம் வந்ததும் தமிழுக்கு மாறினேன். ஒரு கையை மகள் தலையிலும் மறு கையை அண்ணாச்சி தலையிலும் வைத்து, எங்கள் அப்பா சாத்தூர்ப் பக்கத்து ஓட்டுக்கூரைக் கோயிலில் சொன்ன அதே ஆசீர்வாதத்தைச் சொன்னேன்.

ஜெமிமா ஆமென் சொல்லவில்லை. தெரியாததைச் சொல்லக் கூடாது என்பது அவள் முடிவு, அதை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் எதையாவது ஒருவர் வேண்டிக்கொண்டால் அதைப் பதில் இல்லாமல் விடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, சண்முகவேல் அண்ணாச்சி, சீசன் நேரத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே ஆளைக் கூப்பிடுகிற குரலில், “ஆமென்” என்றார்.

ஜெர்மன்காரர்கள் பீடத்துக்கு முன்னால் இருமக்கூட யோசிப்பார்கள். இரண்டாம் வரிசையில் பீட்டர்சன் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். என் கைக்குக் கீழே என் மகளின் தலை சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. அவளும் தலையை விலக்கவில்லை.